ஈஷானின் சொந்தத் தமிழ்

வனக்கம் என்று சொல்லப் போகிறான். இசை முடிகிற இடம் எனக்குத் தெரியும், கேமரா வானத்திலிருந்து இறங்கி அவன் தலைமுடியில் வந்து நிற்கும், காற்று அடிக்கும், அந்த முடி எந்தப் பக்கம் பறந்தாலும் அழகாகத்தான் பறக்கும், அவன் இரண்டு கையையும் கூப்பி "வனக்கம் தமில்நாடு" என்பான், என் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிற மூன்று பேரும் உருகி ஓடுவார்கள். சொன்னான். உருகினார்கள். "பாருங்க, பாருங்க, கையைக் கூப்பறதைப் பாருங்க" என்கிறாள் கோதை. கை கூப்புவதில் என்ன இருக்கிறது, நானும்தான் கூப்புவேன், கல்யாண வீட்டு வாசலில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கூப்பியிருக்கிறேன், ஒருவரும் பாருங்க பாருங்க என்று சொன்னதில்லை. கோதை என் மனைவி, முழுப் பெயர் பூங்கோதை, கோபிசெட்டிபாளையத்துப் பக்கம். அவளுக்குப் பக்கத்தில் சோபாவில் மூன்றாம் மாடி ஸ்டெல்லா டீச்சர், தூத்துக்குடிக்காரர். பிளாஸ்டிக் நாற்காலியில் எதிர்வீட்டு குலசேகரன், மின்வாரியத்தில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் வீட்டு டி.வி.யில் எந்நேரமும் கார்ட்டூன்தான் ஓடுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே வந்துவிடுகிறவர். நான் சாப்பாட்டு மேஜையருகே, பேப்பரை விரித்துக்கொண்டு, படிக்காமல். டி.வி.யில் நிற்பவன் ஈஷான் மல்கானி, 'வானத்தில் ஒரு வலம்' என்கிற தொடரை நடத்துகிறவன், வானியல் படித்தவன், டில்லிக்காரனோ பம்பாய்க்காரனோ, தமிழ் தெரியாதவன். தமிழ் தெரியாதவன் என்பது இந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வனக்கமும் அந்தத் தமில்நாடும் என் வாயிலிருந்து வந்தவை.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. முதல் வருஷத் தொடரை நான் நல்ல தமிழில் டப்பிங் செய்தேன், அவன் ஆங்கிலத்தில் பேசியதன் மேல் என் குரல், சுத்தமான குரல், கோள் வேறு கோல் வேறு என்று தெரிந்த குரல். அதற்குப் பாராட்டும் இல்லை திட்டும் இல்லை. குழாயில் தண்ணீர் வந்தால் யார் கைதட்டுகிறார்கள். பிறகு அவன் சென்னைக்கு ஒரு கல்லூரி விழாவுக்கு வந்தான், மேடையில் நின்று "நான் தமில் ரொம்ப லவ் பண்றேன்" என்று நாலு வார்த்தை சொன்னான், அரங்கமே எழுந்து நின்று கத்தியது, அந்தத் துண்டு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. நம் ஆட்கள் இப்படித்தான். தமிழன் தமிழைச் சரியாகப் பேசினால் கொட்டாவி விடுவார்கள், வெளியூர்க்காரன் ஒருவன் அதையே கடித்துத் துப்பினால் கண் கலங்குவார்கள். சேனல்காரர்களுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இரண்டாம் வருஷத் தொடர் 'ஈஷானின் சொந்தத் தமிழில்' என்று ஊர் முழுக்க விளம்பரம் வைத்துவிட்டார்கள். வைத்த பிறகுதான் அவனை டப்பிங் தியேட்டரில் உட்காரவைத்தார்கள். ஒரு பகல் முழுக்க முட்டிமோதியும் அவனால் முதல் பக்கத்தைத் தாண்ட முடியவில்லையாம். தயாரிப்பாளர் மோனிஷா எனக்கு போன் செய்தாள். "தில்லை சார், நீங்களே பேசிடுங்க. ஆனா அவர் பேசுற மாதிரி. கொஞ்சம் கெடுத்துப் பேசணும் சார்." எதைக் கெடுத்து என்று கேட்டேன். "தமிழைத்தான் சார்" என்றாள், காபியில் சர்க்கரை கொஞ்சம் கூடப் போடச் சொல்கிற குரலில். "வெளியில தெரியவே கூடாது. வீட்லயும் சொல்லாதீங்க. தெரிஞ்சா சேனல் மானம் போயிடும், உங்களுக்கும் அதோட வேலை இல்லை." கோதையிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் ஸ்டெல்லா டீச்சருக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். அதனால் ஏதோ மூட்டுவலித் தைலத்துக்குப் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்தேன். ஈஷான் கஷ்டப்பட்டுத் தமிழ் கற்றுக்கொண்டு தானே பேசுகிறான், பாவம் நம் வீட்டுக்காரருக்கு அந்த வேலை போய்விட்டது, இதுதான் கோதைக்குத் தெரிந்த கதை.

இன்றைக்கு நிலா. கடற்கரையோரம் ஒரு டீக்கடை, அந்த டீக்கடைக்காரரை நடுவில் நிற்கவைத்து இவர்தான் பூமி என்கிறான். தான் நிலாவாம். முகத்தை அவர் பக்கமே வைத்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் சுற்றி வருகிறான். "பாருங்கோ, நிலா இப்டி தான் சுத்துது. ஒரே மூஞ்சி தான் நமக்கு காட்டுது." டீச்சர் வாயைப் பிளக்கிறார். "எவ்வளவு எளிமையா சொல்லுதாரு! எங்க ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கிறவரு இதைச் சொன்னா புள்ளைய எல்லாம் தூங்கிரும்." "அதான் டீச்சர், மனசுலேர்ந்து பேசுறான்" என்கிறார் குலசேகரன். முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொள்கிறார், அந்தக் கடமுடாவில் என் இரண்டு வாக்கியம் போய்விட்டது, நல்ல வாக்கியங்கள், யோவ் மெதுவாகத் தின்னக் கூடாதா. "மொத வருஷம் ஒரு வாய்ஸ் வந்துச்சு பாருங்க. தில்லை சார் தப்பா நெனைக்கப்படாது. நல்ல வாய்ஸ்தான். ஆனா செய்தி வாசிக்கிற மாதிரி. நிலா அங்க நிக்குது, நாம இங்க நிக்கிறோம். இவன் பேசினா நிலா பக்கத்துல வந்து உக்காருது சார்." நான் தப்பாக நினைக்கவில்லை என்று பல்லைக் காட்டுகிறேன். தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என்னைத் திட்டி என்னையே பாராட்டுகிறார், இரண்டையும் நான் ஒரே தட்டில் வாங்கிச் சாப்பிட வேண்டும். கோதை திரும்பி என்னைப் பார்க்கிறாள். ஆறுதலாம். "போச்சாது விடுங்க. அவரு வாயில அவரு பேசறாரு, அதுதானுங்களே மொறை." ஆமாம் அதுதான் முறை. அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள், சமாதானம் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் ஈஷான் ஏதாவது சிரித்திருந்தால் என்ன செய்வது என்கிற அவசரத்தோடு.

கெடுப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். மாடியிலிருந்து பாத்திரத்தைப் போட்டால் தானாக நசுங்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நசுங்க வேண்டுமே. அதற்கு எனக்கு ஒழுங்குமுறை வேண்டியிருந்தது. ழ எல்லாம் ல. ண எல்லாம் ன. இருக்கு என்பது இர்க்கு. வாங்க போங்க என்பதற்குக் கடைசியில் ஒரு கோ. குரலைத் தொண்டையிலிருந்து எடுத்து மூக்குக்கு ஏற்றினேன், ஒலிப்பதிவு பார்க்கிற டேவிட் அங்கே மெஷினில் இன்னும் அரை இழை மேலே இழுத்தான், வந்து நின்றது இருபத்தெட்டு வயதுப் பையன் ஒருவனின் குரல். எனக்கு வயது ஐம்பத்துமூன்று. முதல் நாள் கேட்டபோது ஒரு கர்வம்கூட வந்தது, இப்படி யாரால் முடியும். "சார், சூப்பர், இன்னும் கொஞ்சம் கெடுங்க" என்றாள் மோனிஷா. கெடுத்தேன். நிழல் என்கிற வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டேன். நிலல் என்று சொல்ல வேண்டும், நாக்கு மடிய மாட்டேன் என்கிறது, முதுகில் அடி வாங்கிய மாடு போல அதே இடத்தில் நிற்கிறது, திரும்பத் திரும்ப டேக், நிழல், நிழல், நிழல், டேவிட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் கை வைத்துக்கொண்டான். கடைசியில் மடிந்தது. மடிந்த பிறகு நிமிர மாட்டேன் என்கிறது. போன வாரம் காய்கறிக் கடையில் வாலைக்காய் என்று கேட்டேன். கடைக்காரப் பெண் ஏற இறங்கப் பார்த்து "எந்த ஊர் சார் நீங்க?" என்றாள். வேர்த்துவிட்டது எனக்கு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் வாழை, கோழி, தாழை, மழை, பழம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன், சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் நான் போனில் யாரையோ திட்டுகிறேன் என்று நினைத்திருப்பான். ஒரு நாள் காலையில் எழுந்திருக்கும்போது அந்த எழுத்து வாயில் இல்லாமலே போய்விட்டால். வேறு என்ன இருக்கிறது என்னிடம். உயரம் இல்லை, முடி இல்லை, அப்பா விட்டுப்போன நிலம் இல்லை. இப்போதும் பேப்பருக்குப் பின்னால் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். இருக்கிறது. இன்னும் இருக்கிறது. தொண்டை மட்டும் கரகரக்கிறது.

யார் மேல் எனக்கு இந்த எரிச்சல். இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் யோசிக்கிறேன், யோசித்து யோசித்துப் பேப்பரின் அதே பக்கத்தில் நிற்கிறேன். அவன் மேலா. அவன் என்ன செய்தான் பாவம், அவன் ஊரில் அவன் ஆங்கிலம் பேசிக்கொண்டிருக்கிறான், இங்கே ஒரு ஹாலில் மூன்று பேர் தன் ழகரத்துக்கு உயிரை விடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. முகத்தின் மேலா. முகம் என்றால் சினிமாவில் எத்தனையோ முகத்துக்குப் பேசியிருக்கிறேன், ஒருவன் மேலும் வயிறு எரிந்ததில்லை. அப்படியானால் குரல் மேல். குரல் என்னுடையது. என் வாய் மேல் எனக்கே பொறாமை என்று வெளியே சொன்னால் நல்ல டாக்டராகப் பார்க்கச் சொல்வார்கள். ஆனால் உண்மை அதுதான். முப்பது வருஷம் நான் கழுவித் துடைத்து வைத்த தமிழுக்குக் கிடைக்காதது, மூக்கால் முனகிய கோணல் தமிழுக்குக் கிடைக்கிறது. இணையத்தில் போய் ஜனங்கள் எழுதியிருப்பதைப் படிக்கிறேன், படிக்கக் கூடாது என்று தெரிந்தே படிக்கிறேன், புண்ணைச் சொறிகிற சுகம். 'இவர் தமிழைக் கேட்டால் அழுகையே வருகிறது அண்ணா.' 'வட இந்தியர் இவ்வளவு அழகாகப் பேசுகிறார், நம் ஊர்த் தொகுப்பாளர்கள் வெட்கப்பட வேண்டும்.' 'ஈஷான் சாரை எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக எடுத்துக்கொள்கிறோம்.' 'பழைய குரலைத் தூக்கியதற்கு நன்றி.' அந்தக் கடைசியை எழுதியவன் கையில் கிடைத்தால். நானும் ஒன்று எழுதினேன். பத்மாவதி என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு, 'முதல் வருடம் பேசியவரின் உச்சரிப்பு மிக நன்றாக இருந்தது, அவரை மீண்டும் அழைக்க வேண்டும்' என்று. ஒரே ஒரு பதில் வந்தது. 'பாட்டி, மாத்திரை போட்டாச்சா?'

இந்த ஜனங்கள் கிடக்கட்டும். ஜனங்களுக்காகவா எரிகிறது. கோதை உட்கார்ந்திருக்கிற தினுசுதான் எரிகிறது. காலை மடித்து, மோவாயை உள்ளங்கையில் வைத்து, ஹூக் தைக்க எடுத்த ஜாக்கெட் மடியில் அப்படியே கிடக்கிறது, ஊசி சோபாக் கையில் குத்தி நிற்கிறது. என் குரலை அவள் இப்படிக் கேட்டிருக்கிறாள், கேட்காமலில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் வானொலியில் பகுதி நேர அறிவிப்பாளன், அணைகளின் நீர்மட்டம் வாசிப்பேன். அவள் அப்பாவுக்கு மஞ்சள் காடு. பவானிசாகர் எத்தனை அடி என்று சொல்லும்வரை வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாதாம். பெண் பார்க்கப் போயிருந்தபோது, இனிப்பெல்லாம் வேண்டாம் காபி போதும் என்று மட்டும்தான் வாயைத் திறந்தேன். உள்ளே அறையிலிருந்து ஒரு குரல் கத்தியது: "அப்பா! டேம் தண்ணி சொல்றவருங்கப்பா!" பெரியவர்கள் சிரித்தார்கள், என் மாமா தொடையில் தட்டிக்கொண்டார், நிச்சயம் அப்போதே ஆகிவிட்டது. அந்தக் குரலுக்கு நான் அன்றே விழுந்தேன். கல்யாணமான புதிதில் படுக்கையில் "தண்ணி எத்தனை அடிங்க" என்பாள், நான் ரேடியோக் குரலில் சொல்வேன், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பாள். எப்போது நின்றது அது. எப்போது நின்றது என்று யாரும் அறிவிக்கவில்லை. இப்போது என் குரல் அவளுக்கு, கேஸ் வந்துதா, கதவைச் சாத்தினயா, மாத்திரை எங்கே. நல்ல உச்சரிப்போடு சொல்கிற மாத்திரை எங்கே. அவளுடைய அந்தப் பழைய காது இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, பாருங்கள், அங்கே டி.வி. பக்கம் நீட்டி வைத்திருக்கிறாள். அதில் விழுகிற குரலும் என்னுடையதுதான். சட்டப்படி பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும்.

வரப்போகிறது. டீக்கடைக்காரரிடம் கிளாஸை வாங்கிக் குடித்துவிட்டான், இனி அவன் கடலைப் பார்த்து நடப்பான், முதுகு மட்டும் தெரியும். அந்த இடம் வருவதற்கு முன்னால் ஹாலை விட்டு எழுந்து போய்விடலாமா. தண்ணீர் குடிக்கிற சாக்கில் போகலாம். கால் நகரவில்லை. அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒன்றும் இல்லை. நிலாவின் பின்பக்கத்தை நாம் பார்த்ததே இல்லை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் ஒரு விண்கலம் போய்ப் படம் எடுத்துக் காட்டியபோதுதான் பார்த்தோம் என்று சொல்லிவிட்டுச் சும்மா நடக்கிறான், அலைச் சத்தம், அவ்வளவுதான். டப்பிங்கில் அந்த வெற்றிடம் வந்தபோது நான் மைக்கை விட்டு நகரவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால் ரெக்கார்டிங் ரத்தாகி வீட்டுக்குச் சீக்கிரம் வந்திருந்தேன். சாவி போட்டுத் திறந்து வந்தால் கோதை பால்கனியில் போனில், பள்ளித் தோழி யாரோ, கோபிப் பேச்சு வெள்ளமாய்ப் போகிறது, அவர்களுடைய பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி நடந்து காட்டுகிறாள், போனில் யாருக்குத் தெரியும் நடப்பது, ஆனாலும் இடுப்பை ஒடித்து நடந்து காட்டுகிறாள், தானே சிரித்துத் தானே சுவரில் சாய்கிறாள், கண்ணில் தண்ணீர். இருபத்துநாலு வருஷத்தில் இந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்து "காப்பி வெக்கட்டுங்களா?" என்றாள். அந்தத் தோழி மேல் அப்படி ஒரு பொறாமை எனக்கு, பெயர்கூடத் தெரியாது. அது நெஞ்சிலேயே இருந்திருக்கிறது. இருட்டு அறை, ஹெட்போனில் அலைச் சத்தம், திரையில் எவனுடைய முதுகோ, வாய் தானாகப் பேசிவிட்டது, அந்தக் கோணல் தமிழிலேயே. கடைசியில் தொண்டை அடைத்து ஒரு எழுத்து விழுந்துகூடப் போனது. மன்னிக்கணும், இன்னொரு டேக் போகலாம் என்றேன். மோனிஷா டேவிட்டுக்குக் கையைக் காட்டி நிறுத்தினாள். "வேணாம் சார். அப்படியே இருக்கட்டும்" என்றாள். நல்ல தமிழில் நான் அதைச் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நடக்கிறான். முதுகு. அலை. "பக்கத்லயே இர்க்காங்கோ… தினம் பாக்றோம்… ஆனா நாம பாதி தா… பாத்தோம்." குலசேகரன் முறுக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி அப்படியே இருக்கிறார். நான் பேப்பரின் ஓரம் வழியாகக் கோதையைப் பார்க்கிறேன், அவள் பின்கழுத்து தெரிகிறது, காதோரம் தெரிகிறது, திரும்பு, இந்தப் பக்கம் திரும்பு, உனக்குத் தெரிய வேண்டாமா, நீர்மட்டம் சொன்னவனை ஒரு வார்த்தையில் கண்டுபிடித்தவள்தானே நீ. மூக்குக் குரலும் மெஷினும் கோவும் எல்லாம் இருக்கட்டும், அடியில் நான் இல்லையா. கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. கண்டுபிடிக்காமல் போய்விடுவாளோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. கோதை முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நெம்பச் சரியாச் சொல்லிப்போட்டாருங்க டீச்சர்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "யாரையோ நெனைச்சுத்தான் இதைச் சொல்லியிருக்கோணும். அவரு பொண்டாட்டி குடுத்து வெச்சவ." டீச்சர், "அவருக்கு இன்னும் கல்யாணமே ஆவல கோதை" என்றார். "அப்ப வரப்போறவ குடுத்து வெச்சவ" என்றாள் கோதை. கொடுத்து வைத்தவள் அங்கே உட்கார்ந்துகொண்டு, கொடுத்து வைத்த இன்னொருத்தியை நினைத்துப் பெருமூச்சு விடுகிறாள். சொல்லிவிடலாம். சொன்னால் என்ன, வேலை போகும், போகட்டும், மூட்டுவலித் தைலத்துக்கு நிஜமாகவே பேசலாம். சொல்ல வேண்டும். சொன்னால் நம்புவாளா.

அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. கனத்த மனசைத் தூக்கிச் சுமக்க குலசேகரனால் முடியாது, ஒரு கண நேரம்கூட முடியாது, உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டு "பாதி தான் பாத்தோம்" என்று ஈஷான் மாதிரி சொல்லிக் காட்டினார். கொட்டகை நாடகத்து ராஜா மாதிரி வந்தது. டீச்சர் சிரித்து, தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், அது தூத்துக்குடி ஈஷான். கோதைக்கு அழுகையும் சிரிப்புமாக இருந்தது. திரும்பினாள். ஒருவழியாக என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, நீங்க சொல்லுங்க பாக்கலாம். நீங்கதானே டப்பிங் ஆளு. ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பேசறீங்க."

"எனக்கு எதுக்கு" என்றேன்.

"சொல்லுங்க சார், வீட்டுக்குள்ளதான" என்றார் குலசேகரன்.

சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, குரலை மூக்குக்கு ஏற்றி, அன்றைக்கு எங்கே நிறுத்தினேனோ அங்கே நிறுத்தி, அந்த வரியை அதன் சொந்தக்காரனாகிய நானே சொன்னேன். "பக்கத்லயே இர்க்காங்கோ. தினம் பாக்றோம். ஆனா நாம பாதி தான் பாத்தோம்." குலசேகரன் உதட்டைப் பிதுக்கினார். டீச்சர், பாவம், "கிட்டத்தட்ட வருது" என்றார். கோதை தலையைச் சாய்த்துக்கொண்டு, அரிசியில் கல் பார்க்கிற கவனத்தோடு யோசித்தாள்.

"கொரலு கிட்ட வந்துட்டுதுங்க. ஆனா நீங்க ஒழுங்காச் சொல்லிப்போடறீங்க. அவரு 'தான்'னு முடிக்கமாட்டாரு. 'பாதி தா…'ன்னு விட்டுருவாரு. அங்கதான் மனசு இருக்குது. எங்க, சொல்லுங்க."

அவள் கேட்டிருக்கிறாள். மோனிஷாவும் டேவிட்டும் நானும் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்த அந்த விழுந்த எழுத்தை, விழுந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டுகிறாள். கேட்டு, எடுத்து, துடைத்து, அவனிடம் கொடுத்துவிட்டாள். "பாதி தா" என்றேன். "இல்லீங்க, வெட்டாதீங்க." "பாதி தா" என்றேன் மறுபடி. "இன்னுங் கொஞ்சம் அன்பாச் சொல்லுங்க" என்றாள் கோதை, சொல்லிக்கொடுக்கிற குரலில், வாய் அசைவைக் காட்டிக்கொண்டு. என்னால் தாங்க முடியவில்லை. மோனிஷா போகட்டும், சேனல் போகட்டும், அடுத்த வருஷம் போகட்டும். நாற்காலியை விட்டு எழுந்தேன். மூக்கிலிருந்து குரலை இறக்கி, என் சொந்தத் தொண்டையில், என் சொந்தத் தமிழில், கோதை, அது நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் கண் இன்னும் ஈரமாக இருந்ததைப் பார்த்துவிட்டேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

"கோதே… அது நான் தா…"

டீச்சர் கைதட்டினார். "ஐயோ சார்! அச்சு அசல்!" என்று குலசேகரன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். கோதை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மடியிலிருந்த ஜாக்கெட் கீழே விழுந்தது. "இப்பத்தானுங்க வந்துது, அப்படியே அவரு!" என்று கூவினாள். "இன்னொருக்கா சொல்லுங்க" என்று சொல்லி, மோவாயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, டி.வி.யைப் பார்க்கிற அதே முகத்தோடு என்னைப் பார்த்தாள்.